நிழல் கட்டின இடத்தில் நிற்காது

(வீடு, மாடி, முற்றம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரையில் தலைமுறையாகப் பந்தல் போடும் குடும்பத்தைச் சேர்ந்த நம் பகுதியாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். திருப்பாலையில் சொந்த வீடு. பெங்களூரில் இருக்கும் மகன் போன மாதம் வலை ஊஞ்சல் ஒன்று வாங்கி அனுப்பினான். அவன் 'ஹேமக்' என்கிறான். என் மனைவி 'கிழவனுக்குத் தூளி' என்கிறாள். மொட்டை மாடியின் மேற்கு ஓரத்தில், காற்று வரட்டும் என்று வடக்குத் தெற்காகக் கட்டினேன். நேர் மேலே எட்டடி உயரத்தில் பத்துக்குப் பத்து பச்சை வலையும் போட்டாயிற்று. நடுப்பகலில் அருமையான நிழல். ஆனால் மூன்று மணிக்கு முகத்தில் வெயில் அடிக்கிறது. நான் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போவதே மூன்று மணிக்குத்தான். வலைக்கு மேல் தார்ப்பாய் போடலாமா? இல்லை, பழையபடி தென்னங்கீற்றே வேய்ந்துவிடலாமா? ஊஞ்சலின் ஒரு முனை கைப்பிடிச் சுவரிலும், மறுமுனை மேல்மாடிக்காக விட்டிருக்கும் தூண் கம்பியிலும் கட்டியிருக்கிறேன். மாடிப்படி அறை மாடியின் நடுவில் இருக்கிறது.
– வாசகர், திருப்பாலை

பதில்: சார், நிழலை அப்புறம் பார்ப்போம். இதைப் படித்த கையோடு மாடிக்குப் போய் ஊஞ்சலை அவிழ்த்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை இஞ்சுச் செங்கல் சுவர். குழந்தை விழாமல் தடுக்கக் கட்டியது, ஆளைத் தொங்கவிட இல்லை. நீங்கள் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிவில் இருந்தால் ஒவ்வொரு கயிற்றிலும் 80 கிலோ இழுவிசை. தொய்வு இல்லாமல் விறைப்பாகக் கட்டி அந்தச் சரிவு 10 பாகையாகக் குறைந்தால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ. அதில் ஏறக்குறைய முழுவதும் சுவரை உள்பக்கமாகச் சாய்க்கிற விசை. கணக்கு வாத்தியாருக்கு நான் சைன் சொல்லித்தர வேண்டியதில்லை. தூண் கம்பி இன்னும் மோசம். எத்தனை மழையில் துருப்பிடித்து நின்றதோ, எந்த இடத்தில் மெலிந்திருக்கிறதோ. நம்மூரில் மேல்மாடிக் கனவோடு கம்பியை விட்டுவைத்து, துணிக்கொடி கட்டியே ஒரு தலைமுறை கழித்த வீடுகள் எத்தனை! துணியோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி நிழல். உங்கள் வலையில் குறை ஒன்றுமில்லை. அதன் நிழல் வேறு இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான்.

என் அப்பா பந்தல் போட ஒத்துக்கொண்டால் முதல் நாள் பந்தல்காலும் கொண்டுபோக மாட்டார், கயிறும் கொண்டுபோக மாட்டார். ஒரு சவுக்குக் கம்பும் ஒரு கொட்டாங்கச்சியில் நீர்த்த சுண்ணாம்பும்தான். கம்பை நட்டு, நிழலின் நுனியில் மணிக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம், "உங்க விசேஷம் எத்தனை மணிக்கு?" என்பார். சாயங்கால நிச்சயதார்த்தம் என்றால் பந்தல் ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இருக்காது, மேற்கே தள்ளி நிற்கும். பார்க்கிறவர்கள், "என்னய்யா, ஆள் இங்கே, பந்தல் அங்கேயா?" என்று சிரிப்பார்கள். நாலு மணிக்குச் சிரிப்பு நின்றுவிடும்.

அதையே எண்ணில் சொல்கிறேன். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த உச்சிவேளை கடிகாரத்தில் 12 மணி இல்லை, ஏப்ரல் நடுவில் சுமார் 12.17. அப்போது உங்கள் வலையின் நிழல் வலைக்கு நேர் கீழே. ஊஞ்சல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்குகிறது, வலை எட்டடியில்; இடைவெளி ஆறரை அடி. மூன்று மணிக்குச் சூரியன் 50 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும், நிழல் ஐந்தரை அடி கிழக்கே நகர்ந்திருக்கும். வலையின் பாதி அகலம் ஐந்தடிதானே? அதனால்தான் சொல்லிவைத்தாற்போல மூன்று மணிக்கு முகத்தில் அடிக்கிறது. நாலு மணிக்கு நிழல் ஒன்பதடி தள்ளிப்போகும். ஐந்து மணிக்குப் பதினேழு அடி. அப்போது பச்சை நிழல் உங்களை விட்டு வெகுதூரத்தில் யாருக்கும் உபயோகமில்லாமல் கிடக்கும், நீங்கள் வெயிலில் கிடப்பீர்கள். மேலே தார்ப்பாய் போட்டாலும் கீற்று போட்டாலும் தகரமே போட்டாலும் அதே கதைதான்.

மதுரை வெயிலுக்கு மாலையில் வேண்டியது கூரை இல்லை, மேற்குச் சுவர். அது உங்கள் மாடியில் ஏற்கெனவே நிற்கிறது. மாடிப்படி அறை!

அந்த அறையின் கிழக்குச் சுவரை ஒட்டி, நாலடி தள்ளி, இப்போது இருப்பதுபோலவே வடக்குத் தெற்காக ஊஞ்சலைப் போடுங்கள். அறை ஒன்பதடி உயரம் என்றால் ஏப்ரலில் இரண்டேகால் மணியிலிருந்து சுவரின் நிழல் உங்கள்மேல் இருக்கும். பொழுது சாய்கிற வரை நகராது. காசு செலவில்லாத நிழல். வீட்டின் மேல் ஏறி நிற்கும் அந்த அறையைத் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கு மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். மேற்கு ஓரத்தில் போட்டது காற்றுக்காக என்கிறீர்கள். இங்கே காற்று கொஞ்சம் குறையும், அதை மறைக்கவில்லை. ஆனால் திருப்பாலையிலிருந்து கிழக்கே பார்த்தால் யானைமலை படுத்திருக்கும். மாலை வெயில் அதன்மேல் விழும்போது நீங்கள் நிழலில் படுத்துக்கொண்டு பார்க்கலாம்.

தலையைத் தெற்கே வையுங்கள். வடக்கே வைத்தால் உங்கள் மனைவி எப்படியும் விடமாட்டார்கள். எனக்கு வேறு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்காக இறங்கும், நிழல் சற்றுத் தெற்கே சாயும். அப்போது வெயில் பட்டால் வடக்கே நீட்டிய காலில்தான் படும். ஊஞ்சலில் நேராகப் படுக்காமல் கொஞ்சம் மூலைவாட்டில் படுங்கள், முதுகு வில்லாக வளையாது. இந்த வலைப் படுக்கையைக் கரீபியன் தீவுக்காரர்கள் நெடுங்காலமாக வைத்திருந்தார்கள். 'ஹேமக்' என்ற சொல்லே அவர்களுடையது. நாம் சேலையில் கட்டிய தூளியில் குழந்தையோடு நிறுத்திக்கொண்டோம்.

சுவர் நிழல் வருமுன், பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை படுக்கத்தான் அந்தப் பச்சை வலை தேவை. அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு விளிம்பை மாடிப்படி அறையின் கூரை ஓரத்துக் கொக்கியில் கட்டி, மறு விளிம்பைக் கிழக்கே இரண்டு இரும்புக் குழாய்க் கால்களில் சற்றுச் சரிவாக இழுத்துவிடுங்கள். நாலு கால் வேலை இரண்டு காலில் முடிந்தது. ஊஞ்சலுக்கு மட்டும் தனியாக இரும்புச் சட்டம் வாங்குங்கள், அல்லது பட்டறையில் சொல்லிச் செய்யுங்கள். வலைக்கு நிற்கிற காலும் ஆளைத் தாங்குகிற காலும் ஒன்றாக இருக்கக் கூடாது.

குழாய்க்காலை நிறுத்தத் தளத்தைத் துளைக்கவே துளைக்காதீர்கள். தட்டு ஓடு பதித்த தளத்தில் ஒரு போல்ட்டு போட்டால் வெயில்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருக்கும், ஐப்பசி மழையில் கீழே படுக்கையறைக் கூரையில் ஈரப்பத்து விழும். 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு எடுத்து, நடுவில் குழாயை நிறுத்திக் கான்கிரீட் நிரப்புங்கள். ஒரு வாளி 48 கிலோ வரும். வேண்டுமென்றால் ஓரமாகத் தள்ளிவைக்கலாம்.

தார்ப்பாய் வேண்டாம் என்று நான் சொல்வது அனுபவப்பட்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு 17 கிலோ அளவுக்கு அழுத்தும். பத்துக்குப் பத்துத் தார்ப்பாய் அதைப் பாய்மரமாக வாங்கிக்கொண்டால் கிட்டத்தட்ட 160 கிலோ. வலையின் துளைகளில் காற்று ஓரளவு கடந்துபோகும், தார்ப்பாயில் வழியே இல்லை. பல வருஷத்துக்கு முன் செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் நானே, தொழில்காரன் என்ற திமிரில், மூலைக்கு ஒரு செங்கல் வைத்துத் தார்ப்பாய் கட்டினேன். சித்திரையில் ஒரு சாயங்காலம் வானம் கறுத்து, மழைக்கு முன்னால் வருமே ஒரு புழுதிக்காற்று, அது வந்தது. தார்ப்பாய் செங்கலோடு கிளம்பி மூன்று வீடு தாண்டி, ஒரு வீட்டு மாடியில் பிழிந்து காயவைத்திருந்த கூழ்வத்தல்மேல் போய் விழுந்தது. யாருக்கும் அடிபடாதது நான் செய்த புண்ணியம். அந்த வீட்டு அக்கா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "பந்தல்காரர் வீட்டுப் பந்தலா தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஒரு படி அரிசி வாங்கிக் கொடுத்து மறுபடி வத்தல் போடச் சொன்னேன். கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. மழை நின்று தார்ப்பாயில் தண்ணீர் தேங்கினால் அது வேறு தொல்லை. உங்கள் அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் தேங்கினாலே 90 கிலோவுக்கு மேல்.

வலையையும் காற்று அதிகமான நாளில் அவிழ்க்கிற மாதிரிக் கட்டுங்கள். இழுத்தால் பிரிகிற சுருக்கு முடிச்சுப் போதும். வெளியூர் போகும்போது கழற்றிச் சுருட்டிவைத்துவிட்டுப் போங்கள்.

கீற்றைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் மனசு கஷ்டம். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததே கீற்றால்தான். தென்னங்கீற்றுக்குக் கீழே உள்ள குளிர்ச்சிக்கு எந்த வலையும் ஈடாகாது, வெயிலை வாங்கிக்கொண்டு கீழே சூட்டை விடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியில் மண்டகப்படிப் பந்தலில் ஒதுங்கி நீர்மோர் குடித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மாடியில் கீற்று வேயாதீர்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருஷம் ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள். அதற்குப் பிறகு என் அப்பா மாடிப்பந்தலுக்குக் கீற்று எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். நல்ல கிராக்கி இருந்த நாளில்தான் நிறுத்தினார். ஒரு தீபாவளி ராக்கெட் போதும், சார்.

கடைசியாகத் தரை. காலை முழுக்கக் காய்ந்த தளம் சாயங்காலம் கீழிருந்து சூட்டைக் கக்கும். கட்டிலில் மெத்தை இருக்கிறது. வலையில் முதுகுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஊஞ்சல் தொங்குகிற அளவுக்குத் தரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், படுக்கப் போகுமுன் ஒரு வாளித் தண்ணீர் தெளித்துவிடுங்கள். துணி விரிப்பு ஒன்று வலைமேல் போட்டுக்கொண்டால் வலைத்தடமும் முதுகில் விழாது.

கேள்வி: எங்கள் மாடியில் மாடிப்படி அறை கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. மேற்கே வெட்டவெளி. நிழல் வலை 50 சதவீதம், 75, 90 என்று கடையில் கேட்கிறார்கள். எது வாங்குவது? கறுப்பா, பச்சையா?
– வாசகி, அவனியாபுரம்

பதில்: அந்த எண் எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்பது, தங்கச்சி. 50 செடிக்கு. ஆள் படுக்க 75 எடுங்கள். 90-இல் நிழல் அடர்த்திதான், ஆனால் காற்றும் அடைபடும், அடைபட்ட காற்று புழுங்கும். நிறத்தில் கறுப்பு சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், பச்சை பரவாயில்லை, வெள்ளை கிடைத்தால் நல்லது, அழுக்குத் தெரியும் என்பதுதான் குறை. புற ஊதாக் கதிருக்குத் தாங்குகிற வலையா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் சீக்கிரமே கையில் பொடியும்.

உங்களுக்கு மேற்குச் சுவர் இல்லாததால் தட்டி வேண்டும். ஊஞ்சலுக்கு மேற்கே மூன்றடி தள்ளி, மேல்வலையிலிருந்து தொங்கவிட்டுத் தரைக்கு இரண்டரை அடி மேலேயே நிறுத்திவிடுங்கள். ஐந்து மணி வெயில்கூட அந்த இடைவெளி வழியாகத் தரையில்தான் விழும், உங்கள்மேல் படாது. அடியில் காற்று புகுந்து வரும். மூங்கில் தட்டி சுருட்டி ஏற்றலாம், காற்றில் அடித்துக்கொள்ளாது. வசதி இருந்தால் வெட்டிவேர்த் தட்டி. தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. வசதி இல்லாவிட்டால் நனைத்த கோணிச் சாக்கு. வாசம் வேறு மாதிரி இருக்கும், குளிர்ச்சி அதேதான்.

கேள்வி: வலை, தட்டி எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. கொடியாலேயே பந்தல் போட்டு அடியில் ஊஞ்சல் போட ஆசை. போன வருஷம் ஆடியில் அவரை போட்டேன். கொடி பந்தலை மூடியபோது மார்கழி வந்துவிட்டது. கோடை வந்தபோது கொடி காய்ந்துவிட்டது. என்ன தப்பு?
– வாசகி, மேலூர்

பதில்: தப்பு உங்களுடையது இல்லை, அம்மா, அவரையுடையதும் இல்லை. ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் அது காய்க்கிற கணக்கில் வளரும், நம் வெயில் கணக்கில் வளராது. நமக்கு நிழல் வேண்டியது பங்குனியிலிருந்து. அதற்குத் தை மாதத்திலேயே பீர்க்கு விதை போடுங்கள். இரண்டு மாதத்தில் பந்தல் ஏறிவிடும். பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். நீங்கள் படுத்திருக்கும்போது மேலே மஞ்சளாகப் பூத்திருக்கும். புடலையும் நல்லதுதான், ஆனால் காய்க்குக் கல் கட்டித் தொங்கவிடுகிற பழக்கம் இருந்தால் ஊஞ்சலுக்கு நேர் மேலே வேண்டாம்!

வருஷாவருஷம் விதைக்கிற வேலை வேண்டாமென்றால் கோவைக்கொடி. தண்டை வெட்டி நட்டால் வரும், தொட்டுக்கொள்ளக் காயும் ஆயிற்று. பூவுக்கு ரங்கூன் மல்லி அல்லது முல்லை. பிரண்டையை நம்பாதீர்கள், துவையலுக்குத்தான் ஆகும். இலை இருப்பதே கொஞ்சம், அதில் என்ன நிழல்?

சித்திரை வெயிலில் மாடிக்கொடிக்குக் காலை, மாலை இருவேளையும் தண்ணீர் வேண்டும். வீட்டில் தண்ணீர் லாரி கூப்பிடுகிற நிலைமை என்றால் இந்த ஆசையைத் தள்ளிவையுங்கள். தொட்டியாக 200 லிட்டர் பீப்பாயைக் குறுக்கே வெட்டி வைத்தால் ஈரமண்ணோடு நூற்றைம்பது கிலோவுக்கு மேல் போகும். தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே சுவர் ஓடுகிற இடமாகப் பார்த்து ஓரத்தில் வையுங்கள்.

கேள்வி: முருங்கை மரத்தில் ஊஞ்சல் கட்டலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கிளை பொளுக்கென்று முறியும். முறியாத நாளில் கம்பளிப்பூச்சி விழும்.

கேள்வி: எங்கள் தோப்பில் இரண்டு தென்னைக்கு நடுவில் ஊஞ்சல் கட்டியிருக்கிறோம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் இறங்குவதில்லை. ஆனால் நிழல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே வலை போட்டால் தோப்பின் அழகு கெடுமே?
– வாசகர், சோழவந்தான்

பதில்: அண்ணே, நிழலை விடுங்கள், காய் விழுமே! படத்தில் பார்க்க அழகாக இருப்பதற்காகப் பிள்ளைகளைத் தென்னைக்கு அடியில் படுக்கவைக்காதீர்கள். காய்ந்த மட்டை விழுந்தாலே போதும். கட்டியே ஆகவேண்டும் என்றால் ஆள் ஏறிக் காயும் பாளையும் காய்ந்த மட்டையும் இறக்கின பிறகு கட்டுங்கள், அதுவும் விடுமுறை முடிகிறவரைக்கும்தான்.

நிழலுக்குக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. சோழவந்தான் வெற்றிலைக்குக் கொடிக்காலில் யார் நிழல் தருகிறார்கள்? அகத்திதானே? கொடி ஏறவும் அகத்தி, வெயில் மறைக்கவும் அகத்தி. விதைத்த வருஷமே ஆள் உயரம் தாண்டும், கீரையும் ஆகும். ஊஞ்சலுக்கு மேற்கே ஒரு வரிசை நெருக்கி விதைத்துவிடுங்கள், மாலை வெயிலுக்கு அதுவே தட்டி. ஊஞ்சலை மட்டும் அகத்தியில் கட்டாதீர்கள், மெலிந்த மரம். தோப்பு ஓரத்தில் வேம்போ புளியோ மாவோ நல்ல பருமனில் இருக்கும். அதில் ஒரு முனை. மறுமுனைக்கு ஒரு கல்தூண் ஊன்றிக்கொள்ளுங்கள். மரத்தில் கயிற்றை நேரடியாகச் சுற்றாமல் பழைய சைக்கிள் டயரை வெட்டி வைத்துச் சுற்றினால் பட்டை அறுபடாது.

மாவில் கட்டினால் முசுறு எறும்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.